மலையடிவாரத்து மனையும் மழைநீர் வழியும்

முன்னுரை

ஓலைக் கூரையும் ஓட்டுக் கூரையும் மிகுந்திருந்த காலத்தில் நம் ஊர்களில் எழுதப்படாத விதி ஒன்று வழங்கி வந்தது. ஒருவர் வீட்டுத் தாழ்வாரத்துத் தண்ணீர் அவர் மனைக்குள்ளேயே விழுதல் வேண்டும். அடுத்தவர் மனையில் விழுதல் கூடாது. சுவர் எழுப்பும் முன்பே கூரை எவ்வளவு நீளும் என்று கணக்கிட்டு, அந்த அளவு இடத்தைத் தம் எல்லைக்குள் விட்ட பின்னரே கடைக்கால் தோண்டுவர். இதனை மீறியவர் ஊர்ப் பெரியோர் முன் நின்று விடை சொல்ல வேண்டியிருந்தது.

நகரமைப்பு, கட்டட ஒழுங்குமுறை என்று இன்று நாம் வழங்கும் பெரிய சொற்களின் கரு இச்சிறு வழக்கத்திலேயே அடங்கியுள்ளது எனலாம். நம் மனையில் நாம் செய்வது அடுத்தவரைத் தாக்காதிருக்க வேண்டும் என்பதே அக்கரு. ஊர் வளர வளர, 'அடுத்தவர்' என்னும் சொல்லின் எல்லையும் விரிகிறது. அடுத்த மனைக்காரர் மட்டுமல்லர். மலைமேல் பெய்த மழை எந்த ஏரிக்குச் செல்லுமோ அந்த ஏரியை நம்பியவரும் அடுத்தவரே. நமக்குக் கீழே பள்ளத்தில் குடியிருப்பவரும் அடுத்தவரே. இவ்வுண்மையைத் திருவண்ணாமலையையும், சிறப்பாக அதன் ரமணாசிரமப் பகுதியையும் முன்னிறுத்தி விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

பண்டைத் தமிழகத்தில் கட்டட விதிகள்

கட்டட விதி என்பது ஆங்கிலேயர் கொண்டுவந்த சரக்கு என்று கருதுவாருளர். அது முழு உண்மை அன்று. முதலாம் இராசராசன், இராசேந்திரன் காலத்து ஆனைமங்கலம், திருவாலங்காட்டுச் செப்பேடுகளில், கொடையாக வழங்கப்பட்ட ஊர்களுக்குரிய உரிமைகள் வரிசையாகக் கூறப்படுகின்றன. சுட்ட செங்கல்லால் மாடமாளிகை எடுக்கும் உரிமை, கிணறும் துரவும் தோண்டும் உரிமை ஆகியன அவற்றுள் அடங்கும். அவ்வூருக்கு நீர் கொண்டுவரும் வாய்க்காலைப் பிறர் இடைமறித்து வெட்டுதலும் ஏற்றமிட்டு இறைத்தலும் கூடாது என்னும் தடையும் அவற்றுள் உண்டு. எது கட்டலாம், எந்நீரைத் தடுக்கலாகாது என்னும் இரண்டையும் ஒரே ஆவணத்தில் வைத்த பார்வை நம் சிந்தனைக்குரியது.

முதலாம் பராந்தகன் காலத்தில், 919, 921-ஆம் ஆண்டுகளில் பொறிக்கப்பட்ட உத்தரமேரூர்க் கல்வெட்டுகள் ஏரி வாரியம், தோட்ட வாரியம் முதலிய குழுக்களைக் குறிப்பிடுகின்றன. ஏரியைக் காத்தல் ஊராட்சியின் தனிப்பெருங் கடமையாகவே எண்ணப்பட்டது என்பதற்கு இது சான்றாகும்.

பழமையை முழுவதும் போற்றிவிடவும் இயலாது. கொங்கு நாட்டுக் கம்மாளர் தம் வீட்டுச் சுவருக்குச் சாந்து பூசிக்கொள்ளவும் அரசாணை தேவைப்பட்டது என்பதைக் கல்வெட்டு ஒன்று காட்டுகிறது. அக்காலக் கட்டட விதி பாதுகாப்புக்காக மட்டும் இயற்றப்பட்டதன்று. இன்னார் இவ்வளவில்தான் வாழலாம் என்று வரம்பு கட்டும் கருவியாகவும் அது இருந்தது. மாடமும் சாந்தும் ஒரு சாராரின் சலுகைகளாயிருந்தன. இன்றைய சட்டம் யாவர்க்கும் பொது. ஆயினும், நடைமுறையில் அது யாவர்க்கும் ஒன்றாகவே இயங்குகிறதா என்னும் வினா இன்னும் உயிரோடு இருக்கிறது. அதனைப் பின்னர்க் காண்போம்.

தமிழகத்திற்கு வெளியே நோக்கினும் இதே கருத்து வெவ்வேறு உருவில் காணப்படுகிறது. 14-ஆம் நூற்றாண்டில் தூனிசு நகரில் வாழ்ந்த இப்னு அர்-ராமி என்பார் கொத்தனார். காழி முன் வரும் கட்டட வழக்குகளில் நேரில் சென்று பார்த்து அறிக்கை தரும் வல்லுநராகவும் விளங்கியவர். பொதுச்சுவர், சாக்கடை, சாளரம், புகை, வாயில் ஆகியவை பற்றி எழுந்த வழக்குகளைத் தொகுத்து அவர் ஒரு நூலே எழுதினார். தீங்கு செய்யலாகாது என்பதே அந்நூலின் அடிப்படை. அவர் ஆராய்ந்த சாக்கடைத் தகராறும் நம் ஊர்த் தாழ்வாரத் தகராறும் ஒரே இனத்தவை என்பதைக் கூறவும் வேண்டுமோ?

இக்காலச் சட்டங்கள்

ஸ்காட்லாந்தைச் சேர்ந்த நகரமைப்பு அறிஞர் பேட்ரிக் கெடிஸ் 1914-ஆம் ஆண்டில் சென்னை மாகாணத்திற்கு வந்து, பல ஊர்களைச் சுற்றிப் பார்த்து அறிக்கைகள் எழுதினார். தென்னாட்டுக் கோயில் நகரங்களின் அமைப்பை அவர் வியந்து போற்றினார். நோயறிந்து மருந்து தருவதுபோல், ஊரை முதலில் கால்நடையாக ஆராய்ந்து அறிந்த பின்னரே அதில் கைவைக்க வேண்டும் என்பது அவர் கொள்கை. 1920-ஆம் ஆண்டில் சென்னை நகரமைப்புச் சட்டம் இயற்றப்பட்டது. அதன் இடத்தில் 1971-ஆம் ஆண்டின் தமிழ்நாடு நகர் ஊரமைப்புச் சட்டம் வந்தது. உள்ளூர்த் திட்டக் குழுமம், முழுமைத் திட்டம், திட்ட அனுமதி ஆகியன இச்சட்டத்தின் வழியே நமக்குப் பழக்கமாயின.

முழுமைத் திட்டம் என்பது ஊரின் எதிர்காலப் படம். எப்பகுதி குடியிருப்பு, எப்பகுதி வணிகம், எப்பகுதி வேளாண்மை, எது நீர்நிலை, எங்கே சாலை வர இருக்கிறது என்பதை அது வண்ணமிட்டுக் காட்டும். ஒருவர் மனை வாங்கும்போது பத்திரத்தையும் வில்லங்கச் சான்றையும் பார்க்கிறார். இப்படத்தைப் பார்ப்பவர் மிகச் சிலரே.

2019-ஆம் ஆண்டு பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகள், மாநிலம் முழுவதற்கும் பொதுவான அளவுகளை வகுத்தன. அவற்றுள் பொதுமக்கள் அறிய வேண்டியவை மூன்று. ஒன்று, தளப்பரப்புக் குறியீடு. பொதுவாக இது 2 என்று வைக்கப்பட்டது. அதாவது, 1,200 சதுர அடி மனையில் எல்லா மாடிகளும் சேர்ந்து 2,400 சதுர அடிக்கு மேற்படலாகாது. இரண்டு, கட்டடத்தின் முன்னும் பின்னும் பக்கங்களிலும் விட வேண்டிய வெளி. மூன்று, 10,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட மனைப்பிரிவுகளில் சாலை நீங்கலாக எஞ்சிய பரப்பில் 10 விழுக்காட்டைப் பொதுத் திறந்தவெளியாக ஒதுக்குதல். இவற்றோடு, 2003-ஆம் ஆண்டு முதல் மழைநீர்ச் சேகரிப்பு அமைப்பும் தமிழகத்தில் கட்டாயமாக்கப்பட்டது.

இவ்வளவுகளைப் பலர் அரசு விதித்த தண்டம் போல் எண்ணுகின்றனர். பக்கவெளி என்பது தீயணைப்போர் நுழையும் வழி. காற்றும் வெளிச்சமும் புகும் வழி. எல்லாவற்றிற்கும் மேலாக, மழைநீர் வடியும் வழி. பழைய தாழ்வார விதியே இங்கு மீட்டர்க் கணக்கில் எழுதப்பட்டிருக்கிறது.

இதனைக் கூறும்போது நம் சொந்தக் குற்றம் ஒன்றையும் மறைத்தல் தகாது. நாம் வீடு கட்டியபோது வரைபடத்தில் மூன்றடி பக்கவெளி காட்டப்பட்டிருந்தது. "இந்த மூணடி வீணாப் போகுதே சார், படிக்கட்டை இங்க எறக்கிட்டா உள்ளே ஒரு ரூம் கெடைக்கும்" என்றார் மேஸ்திரி. நாமும் தலையசைத்தோம். வந்து கேட்பார் ஒருவருமில்லை. முதல் மழையிலேயே படிக்கட்டில் இறங்கிய நீர் பக்கத்து வீட்டு அடுக்களைச் சுவரில் ஊறியது. அவ்வீட்டுப் பெரியம்மா சண்டைக்கு வரவில்லை. "தம்பி, உங்க வீடு நல்லா இருக்கணும். எங்க செவுருதான் ஊறிப்போவுது" என்று மட்டும் சொன்னார். அச்சொல் சுட்டது. குழாய் பதித்து நீரைத் திருப்பினோம்; படிக்கட்டோ இன்றும் அங்கேயே இருக்கிறது. சிலப்பதிகாரத்துப் புகார் நகரத் தெருக்களை வகுப்பில் விரித்துரைக்கும் நாமே பக்கவெளியின் பொருளை அறிந்தது அன்றுதான்.

மலையும் அதன் நீரும்

இனி, திருவண்ணாமலைக்கு வருவோம். கடல் மட்டத்திலிருந்து 800 மீட்டருக்கும் மேல் உயர்ந்து தனித்து நிற்கும் இம்மலையைச் சுற்றி ஏறத்தாழ 14 கிலோமீட்டர் நீளமுள்ள கிரிவலப் பாதை செல்கிறது. மலைத்தொடராக அன்றித் தனி மலையாக இருப்பதால், அதன்மேல் பெய்யும் மழை நாற்புறமும் ஓடைகளாக இறங்குகிறது. அந்நீரை ஏந்திக்கொள்ளவே அடிவாரமெங்கும் தீர்த்தங்களும் குளங்களும் ஏரிகளும் அமைந்தன. ரமணாசிரமத்தை ஒட்டிய பாலி தீர்த்தமும், அதே செங்கம் சாலையில் உள்ள சிம்ம தீர்த்தமும், தெற்கே பரந்த சமுத்திரம் ஏரியும் இவ்வகையின. இவற்றைச் சமயச் சின்னங்களாக மட்டும் நோக்குவது பாதிப் பார்வையாகும். மலைநீரைப் படிப்படியாகத் தாங்கி, ஊரை வெள்ளத்தினின்றும் வறட்சியினின்றும் காக்க முன்னோர் செய்த பொறியியல் ஏற்பாடுகள் இவை.

1896-ஆம் ஆண்டு இம்மலைக்கு வந்த ரமணர், குகைகளிலும் கந்தாசிரமத்திலும் பல்லாண்டுகள் வாழ்ந்தபின், 1922-ஆம் ஆண்டில் தம் அன்னையின் சமாதியை ஒட்டி மலையின் தென்னடிவாரத்தில் தங்கினார். அப்போது அங்கிருந்தது ஓலைக் கொட்டகையே. பின்னர்ச் சமையற்கூடம், பசுக்கொட்டில், தங்குமிடம் எனக் கட்டடங்கள் ஒவ்வொன்றாய் எழுந்தன. 1949-ஆம் ஆண்டில் மாத்ருபூதேசுவரர் கோயிலுக்குக் குடமுழுக்கு நடைபெற்றது. 1934-இல் வெளிவந்த பால் பிரண்டனின் நூல் ரமணரின் பெயரை மேலை நாடுகளில் பரப்பியது. 1950-ஆம் ஆண்டில் ரமணர் மறைந்த பின்னரும் வருவோர் தொகை குறையவில்லை.

இதன் விளைவாகச் செங்கம் சாலையின் இருபுறமும், ரமண நகரிலும், பெரும்பாக்கம் சாலையிலும் ஊர் வளர்ந்தது. புன்செய் நிலங்கள் மனைகளாயின. மனைகளில் மாடி வீடுகளும் தங்கும் விடுதிகளும் உணவகங்களும் எழுந்தன. வெளிநாட்டுக் குடிமக்கள் சுற்றுலா அனுமதியில் வந்து நம் நாட்டில் நிலம் வாங்க இயலாது. எனவே, அவர்கள் வாடகைக்கே குடியிருந்தனர். வாடகை வருவாயை நோக்கி மாடிமேல் மாடி எடுக்கும் ஆர்வம் பெருகியமைக்கு இதுவும் ஒரு காரணமாகும். ஊர் பிழைக்க வழி பிறந்தது என்பதை மறுப்பதற்கில்லை. ஆட்டோ ஓட்டுநர், தையற்காரர், பால்காரர், வீட்டு வேலை செய்யும் பெண்டிர் எனப் பலர் இவ்வளர்ச்சியால் சோறு உண்கின்றனர். ஆயின், நிலத்தின் விலை ஏறியபோது, அங்கே உழைப்பவரே அங்கே மனை வாங்க இயலாதவராயினர்.

எத்தனை கதவுகள்!

மலையைச் சுற்றிய நிலம் ஒரே அலுவலகத்தின் கீழ் இல்லை என்பது இங்குள்ள சிக்கலின் வேர். மலை காப்புக்காடு, அது வனத்துறையின் பொறுப்பு. கோயிலும் கோயில் நிலங்களும் இந்து சமய அறநிலையத் துறையின்கீழ் வருவன. ஓடையும் புறம்போக்கும் வருவாய்த் துறையைச் சார்ந்தவை. சாலை நெடுஞ்சாலைத் துறையினது. கிரிவலப் பாதையின் ஒரு பகுதி நகராட்சியிலும், மற்றப் பகுதிகள் ஆதிஅண்ணாமலை, அத்தியந்தல் முதலிய ஊராட்சிகளிலும் நெடுங்காலம் இருந்தன. 1886-இல் தோன்றிய நகராட்சி 2024-ஆம் ஆண்டில் மாநகராட்சியாக உயர்ந்தது.

ஒரு ஓடை மலையில் தோன்றி, காட்டைக் கடந்து, பட்டா நிலத்தின் ஓரமாக இறங்கி, சாலையின் அடியில் நுழைந்து, ஏரியை அடைகிறது என்று கொள்வோம். அவ்வோடை நான்கு துறைகளின் எல்லையைக் கடக்கிறது. எங்கேனும் ஓரிடத்தில் அதன் வாய் அடைபட்டால், 'எம் எல்லையில் அன்று' என்று ஒவ்வொரு துறையும் கூற இடமுண்டு. தண்ணீருக்கோ துறை தெரியாது. அது பள்ளத்தை மட்டுமே அறியும்.

நகரத் திட்டமிடலும் கட்டட ஒழுங்குமுறையும் நகராட்சிகளிடம் ஒப்படைக்கத்தக்க பணிகள் என்று 1992-ஆம் ஆண்டின் 74-ஆவது அரசியல் சட்டத் திருத்தம் பன்னிரண்டாம் அட்டவணையில் முதலிரு இனங்களாகவே எழுதிவைத்தது. ஆகவே, இது பொறியாளர் மட்டும் பேச வேண்டிய பொருளன்று. வாக்குக் கேட்டு வருவோரிடம் நாம் கேட்க வேண்டிய கேள்வியும் ஆகும்.

இம்மலையடிவாரம் கண்ட வழக்குகள் சிலவும் இங்கு நினைவுகூரத்தக்கன. 2002-ஆம் ஆண்டில் இந்தியத் தொல்லியல் துறை அருணாசலேசுவரர் கோயிலைத் தேசிய நினைவுச்சின்னமாக அறிவிக்க முற்பட்டது. ஊரில் எதிர்ப்பு வலுத்தது. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை சென்றது. 2004-இல் அவ்வறிவிப்பு திரும்பப் பெறப்பட்டது. அவ்வறிவிப்பு நிலைத்திருந்தால், 1992-ஆம் ஆண்டு ஆணைப்படி கோயிலைச் சுற்றி 100 மீட்டர் வரை கட்டடத் தடையும், அதற்கப்பால் 200 மீட்டர் வரை கட்டுப்பாடும் பொருந்தியிருக்கும். 2016-ஆம் ஆண்டில் கிரிவலப் பாதையை அகலப்படுத்த மரங்கள் வெட்டப்பட்டபோது, தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு தலையிட்டு அப்பணியை இடைநிறுத்தியது. மறுபுறம், 1980-களின் இறுதியிலிருந்து தன்னார்வலர்கள் மொட்டையாய்க் கிடந்த இம்மலைச் சரிவுகளில் மரம் நட்டு, தீ பரவாமல் காத்து வந்தனர். மலையில் ஒரு மரம் வேரூன்றுதலும் கீழே ஒரு வீடு பாதுகாப்பாக நிற்றலும் வெவ்வேறு செய்திகள் அல்ல.

2024 டிசம்பர் 1

2024-ஆம் ஆண்டு நவம்பர் இறுதியில் பெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தது. அதையடுத்துத் திருவண்ணாமலையில் பெருமழை கொட்டியது. டிசம்பர் 1-ஆம் நாள் மாலை, நகரை ஒட்டிய மலைச்சரிவில் அமைந்த வ.உ.சி. நகரில் மண்ணும் பாறையும் சரிந்து வீடுகளை மூடின. எழுவர் மாண்டனர், அவர்களுள் ஐவர் குழந்தைகள். இவ்விடம் ஆசிரமப் பகுதி அன்று. ஆயினும் மலை ஒன்றே. அவ்வாண்டுக் கார்த்திகைத் தீபத்தின்போது பொதுமக்கள் மலையேறுவதற்கு அனுமதி அளிக்கப்படவில்லை.

மண்சரிவு ஏன் நிகழ்கிறது? சரிவான பாறையின்மேல் மண் போர்வைபோல் படிந்திருக்கிறது. மண்துகள்கள் ஒன்றையொன்று பற்றிக்கொண்டிருக்கும் உராய்வும், மரவேர்களும் அம்மண்ணைத் தாங்குகின்றன. மழைநீர் இடைவிடாது இறங்கும்போது துகள்களுக்கிடையே நீர் நிறைந்து அவற்றைப் பிரிக்கிறது, மண்ணின் எடை கூடுகிறது, பிடிப்போ குறைகிறது. இதற்கிடையில் வீடு கட்டச் சரிவின் அடியை வெட்டிச் சமன் செய்திருந்தால், மேல்மண்ணுக்கு முட்டுக் கொடுத்த அடிப்பகுதி இல்லாமற் போகிறது. கழிவுநீர்க் குழிகளும் வடிகாலற்ற முற்றங்களும் ஆண்டு முழுவதும் அம்மண்ணை ஈரமாகவே வைத்திருக்கும். மண்ணில் புதைந்து நிற்கும் பெரும்பாறை, தன்னைத் தாங்கும் மண் நழுவிய கணத்தில் உருளுகிறது. எனவே, இதனை இயற்கையின் சீற்றம் என்று மட்டும் சொல்லித் தப்ப இயலாது. மழை வானத்தினின்று வந்தது. வெட்டிய சரிவும் அடைத்த வடிகாலும் மனிதர் செய்தவை.

அவ்வாறாயின், சரிவில் குடியேறியவரைக் குற்றம் சாட்டலாமா? இங்குதான் நம் நெஞ்சைத் தொட்டுப் பேச வேண்டியிருக்கிறது. பாறையின் நிழலில் விரும்பி வீடு கட்டுவோர் எவர்? கீழே மனை வாங்க இயலாதவரே மேலே ஏறுகின்றனர். நம் நாட்டில் பல ஊர்களில் நடப்பது இதுதான்: முதலில் குடிசை, பின்பு ஓடு, பின்பு காங்கிரீட்டுக் கூரை. மின் இணைப்பு வருகிறது. குடிநீர்க் குழாய் வருகிறது. வீட்டு வரியும் வாங்கப்படுகிறது. தேர்தல்தோறும் பட்டா வாக்குறுதியும் வருகிறது. இத்தனையும் வந்தபின், 'இவ்விடம் வாழத்தக்கதன்று' என்னும் ஒரு சொல் மட்டும் வருவதில்லை. அச்சொல் முதற் குடிசையின் நாளிலேயே வந்திருந்தால், மாற்றிடமும் உடன் தரப்பட்டிருந்தால், அது கருணை. முப்பது ஆண்டு கழித்து எந்திரத்தோடு வந்தால், அது தண்டனை.

விலக்கும் வரன்முறையும்

விதியை மீறிய பின் கட்டணம் செலுத்தி அதனைச் சரிசெய்துகொள்ளலாம் என்னும் எண்ணம் நம்மிடையே வேரூன்றியுள்ளது. 1998-ஆம் ஆண்டில் நகர் ஊரமைப்புச் சட்டத்தில் சேர்க்கப்பட்ட ஒரு பிரிவு, விதிமீறிய கட்டடங்களைக் கட்டணத்தின்பேரில் வரன்முறைப்படுத்த வழிசெய்தது; அதன் காலவரம்பு பலமுறை நீட்டிக்கப்பட்டது. 2016-ஆம் ஆண்டில் சென்னை உயர் நீதிமன்றம் அங்கீகாரமற்ற மனைகளின் பத்திரப் பதிவுக்குத் தடை விதித்தது. 2017-ஆம் ஆண்டின் விதிகள், 20.10.2016-க்கு முன் விற்கப்பட்ட மனைகளை வரன்முறைப்படுத்த இடமளித்தன, அக்காலவரம்பும் நீண்டது. வாழ்நாள் சேமிப்பைக் கொட்டி மனை வாங்கி, பதிவு நின்றதால் மகள் திருமணத்திற்கு விற்கவும் முடியாமல் தவித்த குடும்பங்களுக்கு இவை ஆறுதல் தந்தன என்பது உண்மையே. ஆயினும், பணம் செலுத்தினால் பத்திரம் நேராகும், ஓடை நேராகாது. வரன்முறைக் கட்டணத்தால் மண்ணுக்கு உறுதி கூடுவதில்லை.

2024-ஆம் ஆண்டு சூலையில் தமிழக அரசு, 2,500 சதுர அடிக்குட்பட்ட மனையில் 3,500 சதுர அடிக்குட்பட்ட வீடு கட்டுவோர், தாமே சான்றளித்து இணையவழியில் உடனடியாக அனுமதி பெறும் முறையைக் கொண்டுவந்தது. அலுவலகப் படிகளில் ஏறியிறங்கும் அலைச்சல் குறைந்தது. நன்று. ஆனால், சான்றளிப்பவர் நாமே ஆகும்போது, வரைபடத்தில் ஒன்றும் மனையில் ஒன்றுமாக இருப்பின் பொய் சொன்னவரும் நாமே ஆகிறோம். மூன்றடிப் பக்கவெளியை விழுங்கிய நமக்கு இதனைச் சொல்லத் தகுதி உண்டோ இல்லையோ, சொல்ல வேண்டிய கடமை உண்டு.

பிற ஊர்கள் தரும் பாடம்

உத்தராகண்டத்தில் உள்ள ஜோஷிமட் திருவண்ணாமலையைப் போலவே யாத்திரிகர் திரளும் மலையூர். பழைய மண்சரிவின்மேல் அவ்வூர் அமைந்திருக்கிறது. அங்குப் பெருங்கட்டடங்கள் எழுப்பலாகாது என்று 1976-ஆம் ஆண்டிலேயே மிஸ்ரா குழு எச்சரித்தது. எச்சரிக்கை ஏட்டில் உறங்கியது. 2023-ஆம் ஆண்டு சனவரியில் அவ்வூரில் நூற்றுக்கணக்கான வீடுகளில் விரிசல் கண்டது, மக்கள் வெளியேற்றப்பட்டனர்.

கொடைக்கானலில் இரண்டு தளங்களுக்கு அனுமதி பெற்ற ஒரு தங்கும் விடுதி ஏழு தளங்களாக உயர்ந்தது. அதற்கு விலக்களித்து 1994-இல் பிறப்பித்த அரசாணையைப் பழனி மலைப் பாதுகாப்பு மன்றம் எதிர்த்து வழக்காடியது. 1995-இல் உயர் நீதிமன்றம் அவ்வாணையை நீக்கியது. குடிமக்கள் விழித்திருந்தால் விதி உயிர் பெறும் என்பதற்கு இது சான்று.

மதுரையில் மீனாட்சியம்மன் கோயிலைச் சுற்றி ஒரு கிலோமீட்டருக்குள் கட்டடங்கள் 9 மீட்டருக்கு மேல் உயரலாகாது என்று 1997-ஆம் ஆண்டின் அரசாணை வரம்பிட்டது. அது மீறப்பட்டதாக வழக்குகளும் எழுந்தன. கோபுரத்தைத் தெருவில் நின்று காணுதல் ஊரார் அனைவர்க்கும் பொதுச் சொத்து என்னும் கருத்து அவ்வாணையில் பொதிந்துள்ளது. செங்கம் சாலையில் நடப்பவன் மலையைக் காணுதலும் அவ்வாறே கருதத்தக்கது.

கல்வி நிலையங்களைச் சார்ந்த நாம் மறக்கவொண்ணாத நாள் 2004 சூலை 16. அன்று கும்பகோணத்துப் பள்ளித் தீயில் 94 குழந்தைகள் மாண்டனர். கூரைக்கொட்டகையும் குறுகிய வழியும் அன்று எமனாயின. அதன் பின்னரே தமிழகப் பள்ளிகளில் கட்டடப் பாதுகாப்பு விதிகள் இறுக்கப்பட்டன. உயிர்களை விலையாகக் கொடுத்த பின்னரே நாம் விதியை மதிக்கக் கற்கிறோம் என்பது வேதனைக்குரியது.

செய்யத்தக்கன

குறை கூறுதல் எளிது. வழி கூறுதலே அரிது. நமக்குப் புலப்படுவன சிலவற்றை இங்கு முன்வைக்கிறோம்.

முதலாவது, மலைநீர் இறங்கும் ஒவ்வோர் ஓடையையும் உச்சி முதல் ஏரி வரை அளந்து, துறை எல்லைகளைக் கடந்த ஒரே வரைபடமாக்கி, ஊரார் காணும்படி மாநகராட்சி அலுவலகத்தில் வைத்தல் வேண்டும். புதிய அனுமதி ஒவ்வொன்றும் அவ்வரைபடத்தோடு ஒப்பிடப்படுதல் வேண்டும்.

இரண்டாவது, சரிவின் கோணத்தையும் மண்ணின் ஆழத்தையும் ஆராய்ந்து, கட்டவே கூடாத இடம், தாங்குசுவரும் வடிகாலும் அமைத்துக் கட்டத்தக்க இடம், தடையின்றிக் கட்டத்தக்க இடம் என மூவகையாகப் பிரித்தல் வேண்டும். சமவெளிக்கு எழுதிய அளவு சரிவுக்கும் பொருந்தும் என்று கொள்ளுதல் பேதைமை.

மூன்றாவது, கட்டவே கூடாத இடத்தில் வாழும் ஏழைகளுக்கு, அவர்கள் வேலை செய்யும் இடத்திற்கு அண்மையிலேயே மாற்று மனை தருதல் வேண்டும். பத்துக் கல் தொலைவில் வீடு கொடுத்தால், பூட்டிவிட்டு மீண்டும் மலைக்கே வருவர். வீட்டு வேலைக்குச் செல்லும் தாய் பேருந்துக்குக் கூலியில் பாதியை இழக்க இயலுமா?

நான்காவது, விதி மாடிக்கும் குடிசைக்கும் ஒன்றாக இயங்குதல் வேண்டும். ஓடையை அடைத்த மாளிகை நிற்க, ஓடையோரக் குடிசை மட்டும் இடிக்கப்படுமானால், செப்பேட்டுக் காலத்துச் சலுகையே பெயர் மாறி வந்திருக்கிறது என்றுதான் கொள்ள வேண்டும்.

ஐந்தாவது, நம் சமுதாயப் பெரியோர்க்கு ஒரு விண்ணப்பம். பள்ளி, மதரசா, திருமண மண்டபம், வணிக வளாகம் என ஜமாஅத்துகளும் அறக்கட்டளைகளும் கட்டடங்கள் எழுப்புகின்றன. பொதுக் காரியந்தானே என்று அனுமதியைப் பின்னுக்குத் தள்ளுதல் கூடாது. நூறு குழந்தைகள் கூடும் இடத்திற்கே விதி முதலில் வேண்டும்.

முடிவுரை

கெடிஸ் என்னும் அறிஞர் ஊரைக் கால்நடையாகச் சுற்றிப் பார்த்துப் படிக்கச் சொன்னார். திருவண்ணாமலையில் இலட்சக்கணக்கானோர் முழுநிலா நாள்தோறும் அவ்வாறே மலையைச் சுற்றி நடக்கின்றனர். அவர்கள் நோக்கம் வேறு. ஆயினும், இவ்வளவு பேர் கண்ணால் காணும் நிலம் நாட்டில் மிகச் சிலவே. எந்த ஓடை அடைபட்டது, எந்தக் குளம் சுருங்கியது, எந்தச் சரிவு வெட்டப்பட்டது என்பது அவர்கள் கண்ணுக்குத் தப்புவதில்லை. கண்டதைக் கேட்கும் வாய்தான் வேண்டும்.

மாணவர்கள் தத்தம் ஊரில் இதனைத் தொடங்கலாம். மழை பெய்யும் நாளொன்றில் உங்கள் வீட்டு மொட்டை மாடியில் விழும் நீர் எங்கே செல்கிறது என்று பின்தொடர்ந்து பாருங்கள். அது உங்கள் மனையைக் கடந்து, தெருவைக் கடந்து, யார் வீட்டு வாயிலில் நிற்கிறது என்று அறியுங்கள். நாம் அப்பாடத்தை வீடு கட்டி முடித்த பின்னர்ப் பெரியம்மாவிடம் கற்றோம். நீங்கள் கடைக்கால் தோண்டும் முன்பே கற்றுக்கொண்டால், உங்கள் வீடும் நிற்கும். அடுத்த வீடும் நிற்கும்.